பழைய காரில் விட்டு விட்டு விழும் ஸ்பீடோமீட்டர் முள்: சென்சாரா, வயரா, மீட்டரா?

நெடுவழி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது இருபது வயதைக் கடந்த பெட்ரோல் கார். கையால் மாற்றும் கியர். மீட்டருக்குக் கேபிள் கிடையாது. கியர் பாக்ஸின் மேல் மூன்று வயர் கொண்ட வேக சென்சார் ஒன்று பொருத்தப்பட்டிருக்கிறது. கொஞ்ச காலமாக, வண்டி சீராக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீடோமீட்டரின் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்துவிடுகிறது. சில சமயம் இரண்டொரு நொடியில் தானாகவே எழுந்து சரியான வேகத்தைக் காட்டுகிறது. சில சமயம் வண்டியை நிறுத்தி, இக்னிஷனை அணைத்து, ஆறவிட்டு எடுக்கும்வரை படுத்தே கிடக்கிறது. முள் விழுந்திருக்கும் நேரத்தில் கிலோமீட்டர் கணக்கும் நகர்வதில்லை. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்ததே இல்லை.

ஒரு மெக்கானிக் பார்த்தவுடன் சென்சாரை மாற்றச் சொன்னார். இன்னொருவர் மீட்டர் முழுவதையும் மாற்றினால்தான் தீரும் என்றார். இருவரும் எதையும் அளந்து பார்க்கவில்லை. அவர்களிடம் கொண்டுபோகும் நேரத்தில் முள் ஒழுங்காக வேலை செய்ததும் அதற்கு ஒரு காரணம். இந்த வயதுடைய காருக்குப் புதிய உதிரிபாகம் கிடைப்பதே அரிது என்பதால், பழுது எங்கே இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த பிறகே எதையும் வாங்க விரும்புகிறேன். என்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறது, எஞ்சின் கணினியின் தரவைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்றை நண்பரிடமிருந்து வாங்கிக்கொள்ள முடியும், சுமாராக சால்டரிங் செய்யவும் தெரியும். எந்த வரிசையில் சோதித்தால் சென்சார், வயர், மீட்டர் ஆகிய மூன்றில் பழுதுள்ளது எது என்று பிரித்து அறியலாம்?

வயரிங்மேசை

வணக்கம் நண்பரே. வாங்குவதற்கு முன் பழுதின் இடத்தை அறிய வேண்டும் என்ற உங்கள் முடிவு சரியானது. விட்டு விட்டு வரும் பழுதில் பாகத்தை மாற்றிப் பார்ப்பதுதான் மிகப் பெரிய குழப்பம். புதிய சென்சாரை மாட்டும்போது கனெக்டரைக் கழற்றி மாட்டுகிறோம், வயரை அசைக்கிறோம், அதனாலேயே பழுது சில வாரங்கள் மறைந்துவிடும். சென்சார்தான் காரணம் என்று நம்பிவிடுவோம். பிறகு அது திரும்பி வரும்போது எங்கே தொடங்குவது என்றே தெரியாது.

முதலில் உங்கள் காரில் வேகம் எப்படி மீட்டருக்கு வருகிறது என்பதைப் பார்ப்போம். மூன்று வயர் சென்சார் என்றால் அது பெரும்பாலும் ஹால் வகை, அதாவது காந்தம் நகர்வதை உணர்ந்து மின் துடிப்பாக மாற்றும் சென்சார். ஒரு வயரில் மின்சாரம் போகிறது, இன்னொன்று எர்த், மூன்றாவது சிக்னல். கியர் பாக்ஸின் உள்ளே சுழலும் பல்சக்கரம் சென்சாரின் காந்தத் தண்டைச் சுற்ற, சென்சார் ஒவ்வொரு சுற்றுக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் சிக்னல் வயரை எர்த்துடன் சேர்த்தும் விடுவித்தும் துடிப்புகளை உருவாக்குகிறது. ஜப்பானிய முறையைப் பின்பற்றும் கார்களில் அந்தத் தண்டு ஒரு கிலோமீட்டருக்கு 637 முறை சுற்றும். சுற்றுக்கு 4 துடிப்பு என்றால் கிலோமீட்டருக்கு 2548 துடிப்புகள். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 42 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 42 துடிப்பு ஆகிறது. உங்கள் காரின் எண் வேறாக இருக்கலாம், ஆனால் அளவின் தன்மை இதுதான். மீட்டர் இந்தத் துடிப்புகளை எண்ணி முள்ளையும் கிலோமீட்டர் கணக்கையும் நகர்த்துகிறது.

நீங்கள் சொன்ன ஒரு தகவல் மிகவும் பயனுள்ளது. முள் விழும்போது கிலோமீட்டர் கணக்கும் நிற்கிறது. முள் மட்டும் விழுந்து கணக்கு ஓடிக்கொண்டிருந்தால், துடிப்புகள் மீட்டருக்கு வந்து சேர்கின்றன என்று பொருள். அப்போது முள்ளை நகர்த்தும் சுருளையோ சிறு மோட்டாரையோதான் சந்தேகிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நிற்பதால், துடிப்பை எண்ணும் இடத்துக்கு அது வந்து சேரவே இல்லை, அல்லது எண்ணும் பகுதிக்கே மின்சாரம் போகவில்லை.

அடுத்த கேள்வி, அதே நேரத்தில் வேறு எவையெல்லாம் வேகத்தை இழக்கின்றன என்பது. இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும், இதற்கு எதையும் கழற்றத் தேவையில்லை. பெட்ரோல் முள்ளும் வெப்பநிலை முள்ளும் அந்த நேரத்தில் அசையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவையும் சேர்ந்து விழுந்தால் பழுது மீட்டருக்கு வரும் மின்சாரத்திலோ எர்த்திலோ இருக்கிறது. வேக சென்சாருக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பிறகு ஸ்கேனரைப் பொருத்தி, எஞ்சின் கணினி எந்த வேகத்தைப் பார்க்கிறது என்பதை நேரடித் தரவில் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். பக்கத்தில் ஒருவர் அமர்ந்து ஸ்கேனரைக் கவனிக்க வேண்டும். ஓட்டுபவர் சாலையை மட்டுமே பார்க்க வேண்டும். முள் விழும் நொடியில் ஸ்கேனரின் எண்ணும் பூஜ்யமாகிறதா, அல்லது சரியான வேகத்தையே காட்டிக்கொண்டிருக்கிறதா?

எச்சரிக்கை விளக்கு எரியாததை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். வேக சென்சார் கோளாறுக்குரிய பி0500, விட்டு விட்டு வரும் சிக்னலுக்குரிய பி0503 ஆகிய குறியீடுகள் பதிவாவதற்கு, குறிப்பிட்ட எஞ்சின் சுழற்சியிலும் பளுவிலும் குறிப்பிட்ட நேரம் வேகமே வராமல் இருக்க வேண்டும். இரண்டு நொடி விடுபட்டால் கணினி அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம்.

கூடவே எரிபொருள் சிக்கனம், ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் மெதுவாக ஓடும் நிலையில்) எஞ்சின் அடங்குவது போன்றவற்றையும் கவனித்துச் சொல்லுங்கள். பல கார்களில் வண்டி நிற்கப்போகிறது என்பதை வேக சிக்னலை வைத்தே கணினி அறிந்து ஐடிலைச் சீர்செய்கிறது. சிக்னல் கணினிக்கே போகவில்லை என்றால், சாலையில் போக்குவரத்து விளக்கருகே நிறுத்த வரும்போது எஞ்சின் அணைந்துபோவது போன்ற தொல்லைகள் கூடவே வரும்.

கியர்பல்

மேலே சொன்னவற்றோடு எனக்கு முழு உடன்பாடு. இயந்திரப் பக்கத்திலிருந்து ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கியர் பாக்ஸுக்குள் சென்சாரைச் சுற்றும் சிறிய பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்து போவது பழைய கார்களில் சாதாரணம். ஆனால் அதன் நடத்தை வேறு மாதிரி இருக்கும். பல் நழுவும் சக்கரம் முள்ளை ஒரேயடியாகப் பூஜ்யத்துக்குத் தள்ளாது. முள் நடுங்கும், உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும், வேகம் கூடக்கூட மோசமாகும். பல் முழுதும் போய்விட்டால் முள் எழவே எழாது. வண்டி ஆறியதும் சரியாகிவிடுவது பல்சக்கரத்தின் குணம் அல்ல. உங்கள் முள் அப்படியே விழுந்து அப்படியே எழுவதைப் பார்த்தால் மின் இணைப்பு விடுபடுவதாகவே தோன்றுகிறது.

சென்சார் கனெக்டரை மட்டும் இப்போதே ஒருமுறை கழற்றிப் பாருங்கள். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா? சென்சாரின் எண்ணெய்த் தடுப்பு வளையம் தளர்ந்திருந்தால் கியர் ஆயில் தண்டு வழியே ஏறி, கனெக்டரின் பின்களுக்குள்ளேயே வந்துவிடும். பச்சை படிந்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோளாறும் உண்டு: பெண் பின்னின் பிடிப்பு தளர்ந்துபோவது. அதே அளவுள்ள தனி ஆண் பின் ஒன்றை அதில் செருகி மெல்ல இழுத்தால், நல்ல பின் கொஞ்சம் பிடித்து விடும். தளர்ந்தது எந்தத் தடையும் இல்லாமல் வந்துவிடும். மல்டிமீட்டரின் முனையை அதற்குள் திணித்துச் சோதிக்க வேண்டாம், அதுவே பின்னை விரித்துவிடும்.

மலைப்பாதை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், என்னுடையதும் இதே சிக்கலின் உறவு என்பதால் இங்கேயே கேட்கிறேன். என் கார் இன்னும் பழையது, மீட்டருக்குக் கேபிள்தான். குறைந்த வேகத்தில் முள் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையே ஆடுகிறது. வேகம் கூடினால் ஓரளவு அடங்கிவிடுகிறது. குளிர்ந்த காலையில் டேஷ்போர்டுக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தமும் வருகிறது. கேபிளை மாற்றினால் போதுமா, மீட்டரையே கழற்ற வேண்டுமா?

கியர்பல்

உங்களுடையதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்க வாய்ப்புண்டு. ஆட்டம் கேபிளிலிருந்தும், கீச்சுச் சத்தம் மீட்டரின் தலைப்பகுதியிலிருந்தும் வரலாம்.

கேபிள் மீட்டரின் தத்துவம் ஓட்டோ ஷூல்ட்சே என்ற ஜெர்மானியர் 1902-ல் காப்புரிமை பெற்றது, இன்றும் அதன் எளிமையை நான் வியக்கிறேன். கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தைச் சுற்றி, அதைத் தொடாமல், மெல்லிய அலுமினியக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. காந்தம் சுழலும்போது அலுமினியத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணத்தையும் அதே திசையில் இழுக்கிறது; மயிரிழை போன்ற சுருள்வில் அதைத் தடுக்கிறது. இரண்டு விசைகளும் எங்கே சமமாகின்றனவோ அங்கே முள் நிற்கிறது. கிலோமீட்டர் கணக்கு மட்டும் அதே தண்டிலிருந்து பல்சக்கரம் வழியாக நேரடியாக ஓடுகிறது. ஆகவே கேபிள் மீட்டரிலும் அந்தப் பழைய சோதனையே பொருந்தும்: முள் செத்து, கணக்கு ஓடினால் கேபிள் நலம், இரண்டும் செத்தால் கேபிளையோ கியர் பாக்ஸ் முனையையோ பாருங்கள்.

கேபிள் வறண்டிருந்தாலும், எங்காவது மடிந்திருந்தாலும், உள்கம்பி ஒரே சீராகச் சுற்றாது. ஓரிடத்தில் பிடித்து, முறுக்கேறி, சட்டென்று விடுபடும். முள் அந்தத் துள்ளலை அப்படியே காட்டும். வேகம் கூடினால் துள்ளல்கள் நெருங்கி ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் முள் அமைதியாகிவிட்டது போலத் தெரியும். உள்கம்பியை உருவி எடுத்து, துடைத்து, சமதளமான மேசை மேல் நீளமாக வைத்து இரு விரலால் உருட்டுங்கள். நேரான கம்பி அமைதியாக உருளும். மடிப்பு இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் மேசையிலிருந்து எம்பிக் குதிக்கும். அப்படிக் குதித்தால் கம்பியை மாற்றத்தான் வேண்டும், நிமிர்த்திப் பயனில்லை. இரு முனைகளிலும் உள்ள சதுரம் மூலை மழுங்கி உருண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கம்பி நன்றாக இருந்தால் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் தடவி, கியர் பாக்ஸ் பக்கத்து முனையிலிருந்து முக்கால் நீளம் வரை மட்டும் பூசிச் செருகுங்கள். மீட்டர் பக்கத்துக் கடைசிப் பகுதியை வறட்சியாகவே விட வேண்டும், ஏனெனில் சுழலும் கம்பி கிரீஸை மேலே ஏற்றிக்கொண்டு போய் மீட்டருக்குள் சேர்த்துவிடும். அது காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே போய்விட்டால் முள் நிரந்தரமாகக் கூட்டிக் காட்டத் தொடங்கும். கேபிளைத் திரும்பப் பூட்டும்போது எங்கும் கூர்மையாக வளையாமல், வளைவின் ஆரம் 15 சென்டிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் மீட்டரைத் தள்ளிப் பொருத்தும்போதுதான் பெரும்பாலும் அங்கே மடிகிறது.

கீச்சுச் சத்தம் கேபிளைச் சரிசெய்த பிறகும் தொடர்ந்தால், மீட்டருக்குள் காந்தத் தண்டு அமரும் புஷ் வறண்டுவிட்டது. அதைத் தள்ளிப்போட வேண்டாம். புஷ் தேய்ந்து தண்டு சாயும்போது காந்தம் கிண்ணத்தை உரசி, முள்ளை ஒரே வீச்சில் கடைசி எண்வரை கொண்டுபோய் வில்லைக் கெடுத்துவிடும். மீட்டர் வேலையில் கைதேர்ந்தவரிடம் கொடுத்து, பிரித்துச் சுத்தம் செய்து, சரியான எண்ணெயில் ஒரு துளி விடச் சொல்லுங்கள்.

மலைப்பாதை

மிக்க நன்றி. கம்பியை உருட்டிப் பார்த்தேன். மீட்டர் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் நீங்கள் சொன்னபடியே எம்புகிறது. கேபிளை மாற்றிவிட்டு, சத்தம் மிஞ்சினால் மீட்டரையும் கழற்றிக் கொடுக்கிறேன். நெடுவழியின் கேள்விக்கே திரும்புவோம்.

நெடுவழி

இருவருக்கும் நன்றி. சொன்னவற்றை எல்லாம் பார்த்துவிட்டேன்.

சென்சார் கனெக்டர் காய்ந்து சுத்தமாக இருக்கிறது, பின்களில் பச்சை இல்லை, மூன்றுமே நன்றாகப் பிடிக்கின்றன. மற்ற முள்கள் எதுவும் அசைவதில்லை. ஐடில் சீராக இருக்கிறது. நிறுத்தும்போது எஞ்சின் அணைந்ததே இல்லை. என் தம்பியை ஸ்கேனருடன் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு ஓட்டினேன். அரை மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. வெயிலில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தபோது முள் விழுந்தது. ஸ்கேனரோ 58, 59, 60 என்று சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது, ஜி.பி.எஸ். வேகமும் அதனோடு பொருந்தியது. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கியபோது முள் ஒருமுறை எழுந்து மறுபடி விழுந்தது. வயரிங் வரைபடமும் கிடைத்தது. அதில் சென்சாரின் சிக்னல் வயர் ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை எஞ்சின் கணினிக்கும் மற்றொன்று மீட்டருக்கும் போகிறது.

இதை வைத்து சென்சார் நலம் என்று முடிவு செய்துவிடலாமா?

வயரிங்மேசை

உங்கள் காரைப் பொறுத்தவரை முடிவு செய்துவிடலாம். வரைபடத்தைப் பார்க்காமல் இந்த முடிவுக்கு வந்திருக்கவே முடியாது என்பதை இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சில கார்களில் சென்சார் முதலில் மீட்டருக்குப் போய், மீட்டர்தான் அந்தத் துடிப்பைப் பண்படுத்திக் கணினிக்கு அனுப்பும். வேறு சிலவற்றில் கணினிக்குப் போய் அங்கிருந்து மீட்டருக்கு வரும். பிற்காலக் கார்களில் வேக சென்சாரே இல்லாமல், சக்கரங்களில் உள்ள ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சார்களிலிருந்து வேகம் தகவல் இணைப்பு வழியாக மீட்டருக்கு வருகிறது. அமைப்பு மாறினால், ஸ்கேனர் சரியாகக் காட்டுவதன் பொருளும் மாறும்.

உங்களுடையதில் இரண்டு கிளைகள். கணினிக்குத் துடிப்பு தடையின்றி வருவதால் சென்சார், அதன் மின்சாரம், அதன் எர்த், கிளை பிரியும் இடம் வரையிலான வயர் ஆகிய அனைத்தும் நலம். இன்னொரு செய்தியும் இதில் அடங்கியிருக்கிறது. மீட்டர் கிளையில் எங்காவது வயர் உரசி எர்த்தாகியிருந்தால், அது பொதுச் சிக்னலையே கீழே இழுத்துக் கணினியின் வேகத்தையும் பூஜ்யமாக்கியிருக்கும். அப்படி நடக்கவில்லை. ஆகவே இது ஷார்ட் அல்ல, விடுபடல். கிளை பிரியும் இணைப்பு, அங்கிருந்து மீட்டர் வரை உள்ள வயர், மீட்டர் கனெக்டரின் அந்த ஒரு பின், மீட்டருக்குள் உள்ள சர்க்யூட் போர்டில் அந்தப் பின்னின் சால்டர், போர்டின் உள்சுற்று ஆகியவைதான் மிச்சம். வெயிலில் நின்ற பிறகு வருவதும் குலுங்கினால் மாறுவதும் சேர்ந்து, கேபினுக்குள் உள்ள பகுதியையே காட்டுகின்றன. போர்டின் சால்டர் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

இப்போது மல்டிமீட்டருக்கு வேலை வருகிறது. மீட்டரை அதன் இடத்திலிருந்து முன்னால் இழுத்து, கனெக்டர் பொருந்திய நிலையிலேயே, சிக்னல் வயர் நுழையும் பின்பக்கத்தில் மெல்லிய ஊசி முனையைச் செருகிக்கொள்ளுங்கள். கறுப்பு முனை நல்ல எர்த்தில் இருக்கட்டும். வண்டியின் ஓட்டும் சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, மற்ற சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கியர் நியூட்ரலில், இக்னிஷன் ஆன் நிலையில் அந்தச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். டி.சி. வோல்ட் அளவில் எண் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கும், 5 அல்லது 12 வோல்ட்டுக்கும் இடையே மாறி மாறி வர வேண்டும். வேகமாகச் சுற்றினால் மல்டிமீட்டரால் ஒவ்வொரு துடிப்பையும் பின்தொடர முடியாது, சராசரியாக அந்த 5 அல்லது 12 வோல்ட்டில் பாதியளவைக் காட்டும், அது சரியானதே.

இதைப் பழுது இருக்கும் நேரத்தில் பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம். முள் விழுந்து கிடக்கும்போது கனெக்டரின் வயர் பக்கத்தில் அந்தப் பாதியளவு வோல்ட் நிலையாக வந்துகொண்டிருந்தால், துடிப்பு மீட்டரின் வாசல் வரை வந்துவிட்டது. பழுது பின்னிலோ போர்டிலோ இருக்கிறது. எண் மேலேயோ கீழேயோ அசையாமல் நின்றால் வயர் விடுபட்டிருக்கிறது. ஓட்டிக்கொண்டே அளக்க நேர்ந்தால் நீளமான வயரை இழுத்துப் பக்கத்து இருக்கையில் உள்ளவரிடம் கொடுங்கள். ஸ்டியரிங்குக்கு அருகே எதுவும் தொங்கக் கூடாது.

பின்னால் யாரேனும் ஆடியோவோ தானியங்கிக் கதவுப் பூட்டோ பொருத்தியிருந்தால், அதன் வயர் இந்தச் சிக்னலில் செருகப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பல்லால் கடித்துப் பிடிக்கும் அந்த மலிவான இணைப்பான்கள் மூல வயரின் இழைகளை அறுத்துவிட்டுப் போயிருக்கும். விட்டு விட்டு வரும் பழுதுக்கு அவை பேர்போனவை.

மீட்டரை முழுவதும் கழற்றும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, சில நிமிடங்கள் விட்டுப் பிறகே கை வையுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் இது கட்டாயம். இக்னிஷன் ஆன் நிலையில் மீட்டர் கனெக்டரைப் பிடுங்கவே கூடாது. கிலோமீட்டர் கணக்கைச் சேமிக்கும் நினைவகச் சில்லு அதே போர்டில் இருக்கிறது.

நெடுவழி

கண்டுபிடித்துவிட்டேன். விவரமாக எழுதுகிறேன், இதே தொல்லை உள்ளவர்களுக்குப் பயன்படட்டும்.

கூடுதலாகப் பொருத்தப்பட்ட எதுவும் சிக்னல் வயரில் இல்லை. மீட்டரை முன்னால் இழுத்து, ஊசி முனையைச் செருகி, தம்பியைச் சக்கரம் சுற்றச் சொன்னபோது எண் பூஜ்யத்துக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே அழகாக மாறியது. முள்ளும் லேசாகத் துடித்தது. வண்டி குளிர்ந்திருந்ததால் பழுது வரவில்லை. அதனால் மீட்டர் போர்டின் பின்பக்கத்தை முடி உலர்த்தியால் மிதமாகச் சூடாக்கினேன். சற்று நேரத்தில் முள் துடிப்பது நின்றுவிட்டது, மல்டிமீட்டரில் எண் முன்போலவே மாறிக்கொண்டிருந்தது. அந்த நிலையில் கனெக்டரின் பிளாஸ்டிக்கை ஒரு பக்கமாக விரலால் அழுத்தினால் முள் துடிக்கிறது, விட்டால் நின்றுவிடுகிறது. வயரை ஓரடி தள்ளி எவ்வளவு ஆட்டினாலும் மாற்றமில்லை.

பேட்டரியைக் கழற்றி, போர்டை வெளியே எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கனெக்டர் பின்களின் வரிசையில் மற்றவற்றின் சால்டர் பளபளப்பாகப் பின்னோடு ஒட்டி ஏறியிருந்தது. சிக்னல் பின்னைச் சுற்றி மட்டும், பின்னுக்கும் சால்டருக்கும் நடுவே மயிரிழை அளவில் ஒரு கறுப்பு வளையம். வெறும் கண்ணால் நேராகப் பார்த்தால் தெரியவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது. பின்னை மறுபக்கத்திலிருந்து தள்ளினால் அந்த வளையத்துக்குள் அது தனியாக அசைந்தது.

இப்போது எனக்கு இரண்டு கேள்விகள். பழைய சால்டரின் மேலேயே சூடு கொடுத்து உருக்கினால் போதுமா? அருகில் உள்ள, பார்வைக்கு நன்றாக இருக்கும் பின்களைத் தொட வேண்டுமா?

வயரிங்மேசை

அருமையான வேலை. கனெக்டரை அழுத்தினால் வருகிறது, வயரை ஆட்டினால் வரவில்லை என்ற உங்கள் ஒப்பீட்டுக்குப் பிறகு சந்தேகத்துக்கே இடமில்லை.

வெறுமனே உருக்கினால் போதாது. விரிசலின் உட்புறம் ஆண்டுக்கணக்கில் காற்றுப் பட்டு ஆக்சைடு படிந்திருக்கும். அதன் மேல் சால்டர் ஒட்டாமல், மேலே மட்டும் மூடிக்கொண்டு உள்ளே விரிசல் அப்படியே இருந்துவிடும். பழைய சால்டரை உறிஞ்சு பம்பாலோ செம்புப் பின்னலாலோ முழுவதும் எடுங்கள். பின்னையும் போர்டின் செம்பு வளையத்தையும் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, சால்டர் ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் தடவி, புதிய சால்டர் விடுங்கள். சால்டரிங் இரும்பு 350 டிகிரி அளவில் இருக்கட்டும். முனை பின்னையும் செம்பையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும், இரண்டு மூன்று நொடிக்கு மேல் வேண்டாம். அதிக நேரம் சூடு கொடுத்தால் செம்பு வளையம் போர்டிலிருந்து உரிந்துவிடும், அதன் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

மற்ற பின்களைப் பற்றிய உங்கள் கேள்விக்கு, ஆம், அதே கனெக்டரின் எல்லாப் பின்களையும் புதுப்பித்துவிடுங்கள். வெப்பத்தில் போர்டின் தடிமன் ஒரு அளவிலும் உலோகப் பின் வேறொரு அளவிலும் விரிகிறது; ஒவ்வொரு முறை டேஷ்போர்டு சூடாகி ஆறும்போதும் சால்டர்தான் நடுவில் இழுபடுகிறது. கனெக்டரைச் செருகும் அழுத்தமும் வண்டியின் அதிர்வும் கூடச் சேர்கின்றன. ஒரு பின் விட்டுவிட்டது என்றால் பக்கத்தில் உள்ளவையும் அதே வயதைத்தான் கடந்திருக்கின்றன. எர்த் பின்னும் மின்சாரப் பின்னும் அதிகக் கவனத்துக்கு உரியவை. போர்டில் மின்சாரத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரின் கால்களையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள், அது சூடாகும் பாகம் என்பதால் அதன் சால்டரும் விரிசல் விடும்.

கியர்பல்

கனெக்டரைத் திரும்பப் பூட்டும்போது ஹார்னஸ் (வயர்க் கட்டு) இழுவிசையில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வயர் இறுக்கமாக இருந்தால் அது எப்போதும் பின்களை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டே இருக்கும். எந்த சால்டரும் அதைத் தாங்காது. ஹார்னஸைப் பிடிக்கும் கிளிப் உடைந்திருக்கிறதா என்று பார்த்து, உடைந்திருந்தால் டை போட்டு வேறு இடத்தில் தாங்கல் கொடுங்கள்.

நெடுவழி

கிளிப் உண்மையிலேயே உடைந்துதான் இருந்தது. ஹார்னஸின் முழு எடையும் கனெக்டரில் தொங்கிக்கொண்டிருந்தது. டை போட்டுக் கட்டிவிட்டேன். எல்லாப் பின்களையும் நீங்கள் சொன்னபடி பழைய சால்டரை நீக்கிவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தேன், ரெகுலேட்டரின் ஒரு காலிலும் வளையம் தெரிந்ததால் அதையும் செய்தேன். மாட்டுவதற்கு முன் முடி உலர்த்தியால் சூடாக்கி, கனெக்டரை எல்லாப் பக்கமும் அழுத்திப் பார்த்தேன். முள் துடிப்பது நிற்கவில்லை. அதன் பிறகு நண்பகல் வெயிலில் நீண்ட நேரம் நிறுத்திவைத்துவிட்டு எடுத்து ஓட்டினேன். முள் ஒருமுறைகூட விழவில்லை.

ஒரு சிறு ஐயம் மட்டும் மிச்சமிருக்கிறது. ஸ்கேனரும் ஜி.பி.எஸ்.ஸும் 80 காட்டும்போது மீட்டரின் முள் 84-ல் நிற்கிறது. முன்பும் இப்படித்தான் இருந்ததா என்று நான் கவனித்ததில்லை. போர்டைக் கழற்றி மாட்டியதில் முள் இடம் மாறிவிட்டதா?

வயரிங்மேசை

முள்ளை நீங்கள் கழற்றவில்லை என்றால் அது இடம் மாற வழியில்லை. ஸ்பீடோமீட்டர்கள் வேண்டுமென்றே சற்றுக் கூட்டிக் காட்டும்படி செய்யப்படுகின்றன. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. ஒழுங்குமுறை எண் 39-ன்படி, மீட்டர் காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறையக் கூடாது. கூடுதலாகக் காட்டலாம், ஆனால் அந்தக் கூடுதல் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்குடன் 4 கிலோமீட்டரைச் சேர்த்த அளவைத் தாண்டக் கூடாது. 80-ல் அந்த வரம்பு 12 கிலோமீட்டர். உங்களுடையது 4 மட்டுமே. டயர் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் சுற்றளவு குறைந்து இந்த வித்தியாசம் இன்னும் கொஞ்சம் கூடும், புதிய டயர் போட்டால் குறையும். முள்ளைப் பிடுங்கித் திருப்பி வைக்க முயல வேண்டாம். அதைத் தாங்கும் தண்டு மிக மெல்லியது. இப்போது இருப்பதுபோலவே ஓட்டுங்கள்.